அந்தக் காலத்தில் அந்தச் சத்தம் கிடையாது

முதலில் மழை. கல் பாவிய முற்றத்தில் விழுகிற மழை. ஒரு குதிரை நடந்து வந்து நிற்கிறது. சேணத்தின் தோல் கிறீச்சிடுகிறது. கனமான மரத் தாழ்ப்பாள் விலகுகிறது. உள்ளே அடுப்பில் விறகு படபடக்கிறது. ஒரு கிழவியின் குரல்: "இந்த நேரத்துல யாருப்பா?" பதில் இல்லை. நெருப்புச் சத்தத்துக்கு அடியில் எங்கிருந்தோ மெல்லிய ரீங்காரம் ஒன்று எழுகிறது. அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்படியே நிற்கிறது.

இந்த ஒலி நாடகத்தின் கதை நடப்பது 1640இல் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். அந்த ஆண்டில் தேனீ ரீங்கரிக்கும், காற்று ஊளையிடும், நீராலை உறுமும். எல்லாமே ஏறி இறங்குகிற சத்தங்கள். ஒரே சுருதியில் அசையாமல் நிற்கிற சத்தம் அந்த உலகத்தில் அநேகமாகக் கிடையாது. (தேவாலய ஆர்கன் ஒரு விதிவிலக்கு. அதற்கும் துருத்தி போடுகிற ஆள் களைத்துப் போவான்.) கிழவிக்கு இன்னும் உறைக்கவில்லை. நமக்கு உறைத்துவிட்டது.

வரலாற்றுப் பின்னணியில் நடக்கும் அறிபுனை ஒலி நாடகங்களின் வசீகரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், இந்த அரை நிமிஷத்தைத்தான் காட்ட வேண்டும். எதிர்காலத்தில் ஒரு விண்கலம் பறந்தால் அது நூறு இயந்திரச் சத்தங்களில் ஒன்று. அதே கலம் குதிரை வண்டிக் காலத்தில் இறங்கினால் அந்த ஒரு சத்தமே கதையாகிவிடுகிறது. திரையில் இதைச் சாதிக்க உடை, அரங்கு, கிராபிக்ஸ் என்று செலவு ஏறும். பார்க்கிறவன் அத்தனையிலும் குறை தேடுவான். காதுக்கு, இருக்கக்கூடாத ஒரு சத்தம் போதும்.

அந்த ஒரு சத்தம் வேலை செய்ய வேண்டுமானால் மற்ற சத்தமெல்லாம் சரியாக இருக்க வேண்டும். பெரும்பாலான தயாரிப்புகள் சறுக்குவது அங்கேதான்.

முதல் எதிரி மின்சாரம். நாம் வாழும் அறைகளில் அந்த ரீங்காரம் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. நாட்டைப் பொறுத்து 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வு), கூடவே அதன் மடங்குகள். ஃபிரிட்ஜ், டியூப்லைட் சோக், கணினி விசிறி எல்லாம் சேர்ந்து பாடும். நடிகர்கள் ஆளுக்கொரு வீட்டில் மைக் வைத்துப் பேசி அனுப்புகிற இந்த நாளில் ஒவ்வொரு குரலும் தன் வீட்டு ஃபிரிட்ஜையும் கூட்டிக்கொண்டு வருகிறது. சமகாலக் கதை என்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள். 1640இல் நடக்கிற கதையில், வேற்றுலக ரீங்காரம் வரும் முன்பே ஃபிரிட்ஜ் ரீங்காரம் வந்து காரியத்தைக் கெடுத்துவிடும்.

பேச்சு இல்லாதபோது ஒலியை அடைத்துவிடும் நாய்ஸ் கேட் போட்டால் தீரும் என்று நினைப்பது வழக்கமான தவறு. பேச்சு தொடங்கும்போது கேட் திறக்கும், ரீங்காரமும் உள்ளே வரும். பேச்சு முடிந்ததும் இரண்டும் சேர்ந்து போகும். தொடர்ந்து இருக்கும் இரைச்சலைக் காது மறந்துவிடும். வந்து வந்து போகிற இரைச்சலை மறக்கவே மறக்காது. பதிவு செய்யும்போதே ஃபிரிட்ஜை அணைப்பதுதான் உத்தமம். அணைத்ததை மறக்காமலிருக்க வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைப்பது ஒலிப்பதிவுக்காரர்களின் பழைய தந்திரம். பேசுவதற்கு முன் 30 நொடி சும்மா இருந்து அறையின் வெற்று ஒலியையும் பதிய வேண்டும். வசனத்தை வெட்டி ஒட்டும்போது இடையில் வரும் ஓட்டைகளை அடைக்க அது வேண்டும். மிக்ஸிங்கில் குரலுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டலாம். 100, 150 என்ற மடங்குகளில் ஊசி முனை அளவுக்கு ஒடுங்கிய ஃபில்டர் மட்டும் போட வேண்டும். அகலமாகப் போட்டால் ஆண் குரலின் சதை போய் எலும்பு மட்டும் மிஞ்சும். கடைசியாக, காட்சி முழுவதற்கும் அடியில் மழையோ காற்றோ நெருப்போ ஏதாவது ஒன்று வெட்டுப்படாமல் ஓட வேண்டும். மூன்று வீட்டில் பேசிய மூன்று பேரை ஒரே கூரையின் கீழ் உட்கார வைப்பது அந்த விரிப்புதான்.

வேண்டுமென்றே நுழைக்கிற ரீங்காரத்துக்கு வேறு கணக்கு. அதை 50, 60, 100, 120 ஆகிய எண்களில் வைக்கவே கூடாது. கேட்பவர் 'பதிவு சரியில்லை' என்று முடிவு கட்டிவிடுவார். 73 ஹெர்ட்ஸ் மாதிரி எந்த மின்கம்பத்திலிருந்தும் வராத எண்ணாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மலிவான இயர்போனும் கைபேசி ஒலிபெருக்கியும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக ஊமை. அதனால் 219, 292, 365 என்று அதன் மடங்குகளையும் மெல்லச் சேர்க்க வேண்டும். அடிச்சுருதி கேட்காவிட்டாலும் மடங்குகளை வைத்து மூளை அதை ஊகித்துக்கொள்ளும். எழுப்புவதை 20, 30 நொடிக்கு இழுக்க வேண்டும், எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியக்கூடாது. நிறுத்துவது மட்டும் வெடுக்கென்று. நின்ற பிறகு வருகிற அமைதி, அது ஓடியபோது இருந்ததைவிடக் கனமாக இருக்கும்.

உண்மையில் 1640 எப்படி ஒலித்தது என்று யாருக்கும் தெரியாது. நம்மிடம் இருக்கும் மிகப் பழைய மனிதக் குரல்களில் ஒன்று 1860 ஏப்ரல் 9 அன்று பதிவானது. எதுவார்-லியோன் ஸ்காட் த மார்த்தன்வில் என்ற பிரெஞ்சுக்காரர், புகைக்கரி பூசிய தாளில் குரலின் அதிர்வைக் கோடாக வரைந்தார். திரும்ப ஒலிக்கச் செய்யும் எண்ணமே அவருக்கு இல்லை. குரலைக் கண்ணால் பார்ப்பதுதான் நோக்கம். 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்தக் கோட்டைக் கணினியில் ஒலியாக மாற்றினார்கள். ஒரு பெண்ணோ சிறுமியோ பிரெஞ்சு நாட்டுப்புறப் பாட்டின் ஓர் அடியைப் பாடுவதுபோலக் கேட்டது. பிறகுதான் வேகத்தை இரண்டு மடங்காக வைத்துவிட்டது தெரிந்தது. சரியான வேகத்தில் ஓட்டினால் ஓர் ஆண், அநேகமாக ஸ்காட்டே, மெதுவாகப் பாடிக்கொண்டிருக்கிறார். கையில் சான்று இருந்தும் ஆணைப் பெண்ணாகக் கேட்டோம். சான்றே இல்லாத காலங்களுக்கு நாம் போடுவதெல்லாம் கற்பனைதான், எதிர்காலத்துக்குப் போடுவது மாதிரியே. வரலாறும் அறிபுனையும் ஒலியில் இவ்வளவு இயல்பாக ஒட்டிக்கொள்வதற்கு இது ஒரு காரணம். படத்தில் ஓவியமும் கட்டடமும் சாட்சிக்கு வந்து நிற்கும். ஒலியில் இரண்டு பக்கமும் சாட்சி இல்லை.

எதிர்காலச் சத்தத்தை எதிலிருந்து செய்வது என்பதற்கு ஆகப் பெரிய உதாரணம் 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரில் நாயகர் 'டாக்டர்' பயணம் செய்யும் கால இயந்திரம். பிபிசியின் ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப் என்ற ஒலிப் பட்டறை (1958இல் தொடங்கி 1998இல் மூடப்பட்டது) அதை 1963இல் செய்தது. பிரையன் ஹாட்ஜ்சன் தன் அம்மாவின் வீட்டுச் சாவியை எடுத்து, உடைந்துபோன பழைய பியானோவின் தடித்த கம்பியில் நீளவாக்கில் இழுத்தார். பிறகு டேப்பில் அதைத் திருப்பியும் குழப்பியும் செய்ததுதான் இன்றுவரை கேட்கிற அந்த மூச்சிரைப்பு. சிந்தசைஸரில் உருட்டிய சத்தங்கள் அந்தந்தப் பத்தாண்டின் முத்திரையோடு பழையதாகிவிட்டன. இது ஆகவில்லை. இரும்பு இரும்பில் உரசுகிற உராய்வு அதற்குள் இருப்பதால் 16ஆம் நூற்றாண்டு அரண்மனை முற்றத்தில் இறங்கினாலும் தரையில் நிற்கிறது. சொந்தமாகச் செய்கிறவர்களுக்கும் அதே யோசனைதான்: முதலில் ஒரு பொருளைத் தேய், தட்டு, இழு. கணினி வேலை அப்புறம்.

இந்தத் தொடர் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1964இல் ஒளிபரப்பான 'மார்க்கோ போலோ' கதைக்கு 7 பகுதிகள். வரலாற்றுக் கதை, கால இயந்திரத்தில் வந்தவர்களைத் தவிர அறிபுனை அம்சம் எதுவும் கிடையாது. பிபிசி ஒளிநாடாக்களை அழித்தபோது ஏழும் போயின. ஆனால் தொலைக்காட்சி முன் டேப் ரெக்கார்டரை வைத்து ரசிகர்கள் பதிவு செய்திருந்ததால் ஒலி மட்டும் முழுதாகப் பிழைத்தது. 1966இல் வந்த, 1572ஆம் ஆண்டுப் பாரிஸ் படுகொலையைச் சொல்லும் 'தி மாசக்கர்' கதைக்கும் இதே தலைவிதி. பின்னாளில் இடையிடையே விவரணை சேர்த்து இவற்றை ஒலி வடிவில் வெளியிட்டார்கள்.

கேட்டுப் பாருங்கள். வானொலியில் படத்தின் ஒலிச்சித்திரம் கேட்கிற உணர்வு வரும். வசனம் இருக்கிற இடமெல்லாம் நன்றாகப் போகும். திடீரென்று 40 நொடி காலடிச் சத்தமும் இசையும் மட்டும் வரும்; என்ன நடக்கிறது என்று விவரணைக்காரர் வந்து சொன்னால்தான் உண்டு. ஒலி நாடகம் என்பது படத்தைக் கழித்த நாடகம் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. எழுதும்போதே படம் இல்லாமல் எழுத வேண்டும். 1924 ஜனவரி 15 அன்று பிபிசியில் ஒலிபரப்பான ரிச்சர்ட் ஹியூஸின் 'டேஞ்சர்' நாடகம் அதைத்தான் செய்தது. நிலக்கரிச் சுரங்கத்துக்குள் விளக்கு அணைந்துபோகிறது. பாத்திரங்களுக்கும் கண் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது. இரண்டு தரப்பும் ஒரே இருட்டில் நிற்பதால் யாரும் எதையும் வர்ணிக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

அந்த அவசியம் வரும்போது எழுதுகிறவர்கள் செய்யும் கூத்து தனி. 'என் வலது கையில் இருக்கும் இந்தத் துப்பாக்கியில் தோட்டா இருக்கிறது' என்று பாத்திரமே அறிவிப்பது வானொலிக்காரர்களின் நெடுநாள் கேலி. காலப் பயணக் கதைக்கு இங்கே ஒரு வரப்பிரசாதம் உண்டு. வெளியிலிருந்து வந்தவள் எதைப் பார்த்தாலும் 'இது என்ன?' என்று கேட்கலாம். அது அசட்டுத்தனமாகத் தெரியாது. பிக் ஃபினிஷ் நிறுவனம் 1999இலிருந்து குறுந்தகட்டில் வெளியிட்டுவரும் 'டாக்டர் ஹூ' ஒலி நாடகங்களில் 2000ஆம் ஆண்டு எவலின் ஸ்மைத் என்ற பாத்திரம் அறிமுகமானது. அவர் வரலாற்றுப் பேராசிரியை. முதல் கதையிலேயே இங்கிலாந்து அரசி முதலாம் மேரியின் அரசவைக்குப் போய்விடுகிறார். கேள்வி கேட்கும் துணைப் பாத்திரத்தின் இடத்தில் பதில் தெரிந்த துணைப் பாத்திரம். அவருக்குத் தெரிந்ததும் அங்கே நடப்பதும் ஒத்துப்போகாத இடங்களில்தான் நாடகம் நடக்கிறது.

இந்த வகையில் ஒரே ஒரு நாடகம் கேட்க நேரமிருக்கிறது என்பவர்களுக்கு 2001 ஜனவரியில் பிக் ஃபினிஷ் வெளியிட்ட 'டாக்டர் ஹூ' நாடகமான 'ஸ்டார்ம் வார்னிங்' சரியான தேர்வு. பின்னணி ஆர்101 என்ற பிரிட்டிஷ் ஆகாயக் கப்பல். 777 அடி நீளம், ஹைட்ரஜன் நிரப்பியது. 1930 அக்டோபர் 4 மாலை இங்கிலாந்தின் கார்டிங்டனிலிருந்து கராச்சியை நோக்கிக் கிளம்பியது. மறுநாள் அதிகாலை 2 மணி கடந்து பிரான்சில் போவே அருகே தரையில் மோதி எரிந்தது. கப்பலில் 54 பேர், இறந்தவர்கள் 48 பேர். இது கேட்பவருக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம், டாக்டருக்குத் தெரியும். கப்பலுக்குள் திருட்டுத்தனமாக ஏறிய சார்லி பொல்லார்ட் என்ற பெண்ணோடு அவர் சிரித்துப் பேசும் ஒவ்வொரு வரிக்கும் அடியில் அந்த 2 மணி ஓடிக்கொண்டிருக்கிறது. அவளைக் காப்பாற்றிவிடுகிறார். வரலாற்றில் செத்திருக்க வேண்டியவள் சாகவில்லை. அதன் விலை அடுத்தடுத்த நாடகங்களில் வசூலாகிறது.

ஒலி வடிவமைப்பாளர் கண்ணில் ஆர்101 ஒரு புதையல். ஐந்து டீசல் எஞ்சின்கள். பெட்ரோல் விமான எஞ்சினின் கணகணப்பு அல்ல, தாழ்ந்த உறுமல். அவை உடலுக்கு வெளியே தொங்கும் கூண்டுகளில் இருந்ததால் பயணிகள் அறையில் சற்று எட்டத்தில்தான் கேட்டிருக்க வேண்டும். வாயுப் பைகள் மாட்டுக் குடல் சவ்வால் ஆனவை, உலோகச் சட்டத்தில் உரசிக்கொண்டே இருந்தவை. மேலே துணி உறை, அதன் மேல் மழை. ஒலி நூலகத்தில் 'விமானம்' என்று தேடி ஒரு புரொப்பெல்லர் சத்தத்தை எடுத்துப் போடுவதற்கும், துணியில் விழும் மழை, எட்டத்து டீசல், பக்கத்தில் சவ்வு உரசல் என்று மூன்று அடுக்காகக் கட்டுவதற்கும் உள்ள தூரம்தான் இந்தத் துறையில் சுமாருக்கும் நல்லதுக்கும் உள்ள தூரம். மூன்றாவது அடுக்கை ஈரமான ரப்பர் கையுறையைத் தகர டப்பாவில் தேய்த்தே செய்துவிடலாம்.

காலப் பிழைகளுக்கு வருவோம். காதுள்ள ரசிகர்கள் சண்டைக்கு வருவது இதில்தான்.

லண்டன் என்றதும் பிக் பென் மணியைப் போட்டுவிடுவார்கள். அந்த மணி மணிக்கணக்கை அடிக்கத் தொடங்கியது 1859 ஜூலையில். 1840இல் நடக்கும் கதையில் அது அடித்தால், அதுவே கால இயந்திரத்தின் வேலை என்று ஆகிவிடும். விக்டோரியா காலத்து ஆங்கிலக் கிராமம் என்று சொல்லி, கழுத்தில் கறுப்பு வளையம் உள்ள புறாவின் மூன்று அசைக் கூவலைப் பின்னணியில் விடுவார்கள். அந்தப் புறா பிரிட்டனில் முதன்முதலில் கூடு கட்டியதே 1955இல்தான். அமெரிக்கப் புரட்சிக் காலத்து நியூயார்க்கில் ஐரோப்பிய மைனாக் கூட்டம் கத்தக்கூடாது. 1890இல்தான் அவற்றைக் கொண்டுவந்து அங்கே பறக்கவிட்டார்கள். தீக்குச்சி உரசும் சத்தம் 1826க்கு முன்னால் கிடையாது. அதற்கு முன் சிக்கிமுக்கிக் கல்லை இரும்பில் தட்டி, பஞ்சில் பொறி பிடித்து, ஊதி ஊதிப் பற்றவைக்க வேண்டும். நாடகத்துக்கு இது எவ்வளவு நல்லது என்று யோசியுங்கள்: தீக்குச்சி அரை நொடியில் முடிந்துவிடும், கல்லும் இரும்பும் 15 நொடி பதற்றம் தரும். பாத்திரத்தின் கை நடுங்குவதைத் தட்டுகிற தாளத்திலேயே காட்டலாம்.

குதிரைக்கு இரண்டு விஷயம். ஒன்று, தாளம்: நடைக்கு நாலு தட்டு, துள்ளுநடைக்கு இரண்டு, மெல்லோட்டத்துக்கு மூன்று, பாய்ச்சலுக்கு மறுபடி நாலு. தேங்காய்ச் சிரட்டை இரண்டை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஒரே டொக்கு டொக்கு போட்டால் குதிரை ஏறத் தெரிந்தவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். மற்றது, ஆணியடித்த இரும்பு லாடம் ஐரோப்பாவில் பரவியது 9, 10ஆம் நூற்றாண்டுவாக்கில். ரோமப் பேரரசின் கல் தெருவில் இரும்பு கணீரென்று ஒலிக்கக் கூடாது. சிரட்டையின் விளிம்பில் துணி சுற்றித் தட்டினால் வெறுங்குளம்பு கிடைக்கும்.

இவ்வளவு கவலை வேண்டாம் என்பவர்களுக்கு மாற்று வரலாறு இருக்கிறது. 'விக்டோரியோசிட்டி' என்ற இணைய ஒலித்தொடர் 1887இல் நடக்கிறது. ஆனால் அதன் லண்டன் இங்கிலாந்தின் தென்பாதியையே விழுங்கிய நகரம். அங்கே எந்த மணி எப்போது அடித்தாலும் கேட்க ஆளில்லை. சலுகை இலவசமல்ல என்பதும் உண்மை. எந்தச் சத்தமும் வரலாம் என்றான பிறகு 'இருக்கக்கூடாத சத்தம்' என்ற ஆயுதம் கையைவிட்டுப் போய்விடுகிறது. அந்தத் தொடர் வேகத்தையும் நகைச்சுவையையும் நம்பிப் பிழைப்பது தற்செயல் அல்ல.

பழைய பதிவு கிடைத்ததாகச் சொல்லும் சட்டகக் கதைகளில் அடிக்கடி காண்கிற ஓட்டை ஒன்று. பரண்மேல் ஒரு மெழுகு உருளை கிடைக்கிறது. அதில் ஒரு விஞ்ஞானி 20 நிமிஷம் வாக்குமூலம் கொடுக்கிறார். 1900களின் வழக்கமான மெழுகு உருளை நிமிஷத்துக்கு 160 சுற்று, மொத்தமே 2 நிமிஷம்தான் ஓடும். 1908க்குப் பிறகு வந்த உருளைகளில் 4 நிமிஷம். 10 அங்குல 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு 3 நிமிஷம் சொச்சம். 20 நிமிஷ வாக்குமூலம் என்றால் பத்து உருளை. அப்படியே எழுதினால் கதைக்கு லாபம்: ஒவ்வொரு 2 நிமிஷத்துக்கும் அவர் நிறுத்தி உருளை மாற்றியாக வேண்டும், ஏழாவது உருளை உடைந்திருக்கலாம், எட்டாவதில் வேறு குரல் பேசலாம்.

அந்த ஒலியைச் செய்வது சிரமமில்லை. 1925இல் மின்முறைப் பதிவு வருவதற்கு முன் குரலை ஊதுகுழல் போன்ற கொம்புதான் பிடித்தது. எனவே 250 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 2500 ஹெர்ட்ஸுக்கு மேலும் செங்குத்தாக வெட்டலாம். உருளையில் கீறல் இருந்தால் அது சுற்றுக்கு ஒரு முறை 'டிக்' என்னும். 160 சுற்று என்றால் நொடிக்கு 2.67 முறை, 78 சுற்று என்றால் 1.3 முறை. கண்ட இடத்தில் தூவிய கீறல் சத்தத்தைவிட இந்தத் தாளம் நம்பகமானது. சுருதி லேசாக அலைய வேண்டும், ஒரு சதவீதம் போதும். கடைசி யோசனை நடிகருக்கு: கொம்புக்குள் பேசுகிறவர் கிசுகிசுக்க முடியாது. உரத்து, நிறுத்தி, மேடைப்பேச்சு மாதிரிதான் பேசியாக வேண்டும். மென்மையாகப் பேசிய வாக்குமூலத்துக்கு எந்த ஃபில்டர் போட்டாலும் அது பழைய பதிவாக ஆகாது. 'ஆர்ஸ் பாரடாக்ஸிகா' தொடர் இந்தச் சிக்கலைத் தலைகீழாக்கியது. இக்காலத்து இயற்பியலாளர் ஒருத்தி 1943இல் போய் விழுகிறாள். தொடர் அவள் பேசிவைக்கும் ஒலி நாட்குறிப்பு. காலம் பழையது, பேச்சு இன்றையது.

தமிழில் எழுத உட்கார்ந்தால் மொழியே ஒரு பெரிய சிக்கல். 'மன்னா, தங்கள் சித்தம் என் பாக்கியம்' பாணியில் அரை மணி நேரம் காதால் கேட்க முடியாது. பத்தாவது நிமிஷத்தில் எல்லாப் பாத்திரமும் ஒரே ஆளாகிவிடும். அதற்காக இன்றைய பேச்சை அப்படியே வைத்தால் காலம் கரைந்துவிடும். நடுவழி: வாக்கிய ஓட்டம் பேச்சுத்தமிழ், சொற்கள் மட்டும் சலித்தெடுத்தவை. 'ஓகே', 'டைம்' எல்லாம் எப்படியும் கண்ணில் படும், எடுத்துவிடுவார்கள். சாவி, ஜன்னல், மேசை, அலமாரி ஆகியவைதான் நழுவி உள்ளே போகிறவை. நான்குமே போர்த்துகீசியம் தந்த சொற்கள். 1498க்கு முந்தைய கதையில் 'ஜன்னலைச் சாத்து' என்று ஒரு தளபதி சொல்லக் கூடாது. 'ஒரு நிமிஷம் பொறு' என்பதும் இடிக்கும். நாழிகை என்றால் 24 நிமிடம், அதற்கும் சின்ன அவசரத்தை 'கண்ணிமைக்கும் நேரம்' என்று அளக்கலாம். இப்படிச் சலித்துவிட்டால் கையில் ஒரு ஆயுதம் வந்துவிடுகிறது. 10ஆம் நூற்றாண்டுத் துறவி ஒருவர் பேச்சுவாக்கில் 'சாவி' என்று சொன்னால் போதும். எந்த ரீங்காரமும் தேவையில்லை. ஆள் வேறு காலத்தவர் என்று கவனமுள்ள காது பிடித்துவிடும்.

இடத்தின் எதிரொலி பற்றிச் சுருக்கமாக. சாமான்கள் நிறைந்த சிறு அறையில் ஒலி அரை நொடிக்குள் அடங்கும். பெரிய கல் தேவாலயத்தில் 5 முதல் 8 நொடி. இஸ்தான்புல் ஹாகியா சோபியாவில் 10 நொடிக்கும் மேல். அங்கே பலூனை உடைத்துப் பதிவு செய்து, அந்த எதிரொலியைக் கணினிவழி வேறொரு கூடத்தில் பாடியவர்களின் குரல்மேல் ஏற்றியிருக்கிறார்கள் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள். அதே வழியில் எந்தப் பழங்கட்டடத்தையும் கதைக்குள் கொண்டுவரலாம். ஆனால் 8 நொடி எதிரொலியில் வேகமாகப் பேசினால் ஒரு சொல்லும் விளங்காது. கல் மண்டபக் காட்சிக்கு வசனத்தைக் குட்டையாக எழுதி, குரலுக்கு எதிரொலியைக் குறைத்து, காலடிக்கும் கதவுக்கும் தாராளமாக விட வேண்டும்.

கூட்டத்துக்கு ஆறு பேர் போதும். ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் மைக்கிலிருந்து வேறு தூரத்தில் நின்று முணுமுணுத்தால் முப்பது பேர். தனித்துத் தெரிகிற இருமலும் சிரிப்பும்தான் காட்டிக்கொடுக்கும். அவற்றை வெட்டிவிட்டு, திரும்பத் திரும்ப ஓடவிடும் துண்டு ஒரு நிமிஷத்துக்குக் குறையாமல் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது. முன்னால் பேசுகிறவர்கள் மட்டும் நான்கு பேரைத் தாண்டக் கூடாது. அரை நிமிஷம் வாய் திறக்காத பாத்திரம் கேட்பவர் மனதில் அந்த அறையைவிட்டே போயிருக்கும்.

எப்படிக் கேட்பது என்பதில் ஒரு எச்சரிக்கை. 1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ் குழு சிபிஎஸ் வானொலியில் நிகழ்த்திய செவ்வாய்க்கிரகப் படையெடுப்பு நாடகம், மூலக்கதையின் இங்கிலாந்தை விட்டுவிட்டு அன்றைய அமெரிக்காவுக்கு இடம் மாறியது. (அதைக் கேட்டு நாடே தெருவுக்கு ஓடியது என்பது செய்தித்தாள்கள் ஊதியது.) அன்று சமகாலம், இன்று அதுவும் ஒரு வரலாற்றுப் பின்னணிதான். நியூஜெர்சிப் பண்ணையிலிருந்து செய்தியாளர் பேசிக்கொண்டே இருக்கிறார், பின்னால் கூட்டம் அலறுகிறது, பாதி வாக்கியத்தில் எல்லாம் அறுந்துவிடுகிறது. பிறகு சில நொடி ஒன்றுமே இல்லை. அந்த வெறுமையில்தான் அத்தனை பேரும் சாகிறார்கள். கைபேசிச் செயலிகள் பலவற்றில் மௌனத்தை வெட்டிச் சுருக்கும் வசதி ஒன்று உண்டு. நேரம் மிச்சமாகும் என்று பலர் அதை நிரந்தரமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். அது ஓடினால் செய்தியாளர் செத்த மறுகணமே அறிவிப்பாளர் வந்து பேசத் தொடங்கிவிடுவார். கேட்கும் முன் அமைப்புகளுக்குள் போய் அதை அணைத்துவிடுங்கள். வேகத்தையும் 1இல் வையுங்கள்.